பங்காளிகளும் ஒரு குழாயும் – கடிதம்

அன்புள்ள சாருக்கு,

சென்ற வாரக் கட்டுரையில் நீங்கள் எழுதிய ஒரு வரி: "வளைகுடா நாடுகளின் சண்டை பங்காளிச் சண்டை. காலையில் அரிவாளைத் தூக்குவார்கள், சாயங்காலம் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள்." படிக்க நன்றாக இருக்கிறது. உள்ளே இருந்து பார்த்த எனக்கு அப்படித் தெரியவில்லை சார்.

நான் 2014 முதல் கத்தார் தலைநகர் தோஹாவில் இருக்கிறேன். 2017 ஜூன் 5, நோன்பு மாதம். சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்து வழிகளை மூடிய நாள். மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனியின் குடோனில் எனக்கு வேலை. காலையில் போனால், சவூதி எல்லையில் எங்கள் லாரிகள் நிற்கின்றன, இனி வராது என்றார்கள். மத்தியானத்துக்குள் சூப்பர் மார்க்கெட்டில் பால், கோழி எல்லாம் காலி. அடுத்த சில நாளில் விமானத்தில் துருக்கிப் பால் வந்து இறங்கியது. பாலுக்குத் துருக்கி மொழியில் என்ன பெயர் என்று டப்பாவைப் பார்த்து எங்கள் ரூமில் இரண்டு நாள் சிரித்தோம். அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது.

சிரிப்பு அதோடு சரி. என் தம்பி ஷார்ஜாவில் இருந்தான். கத்தாருக்கு ஆதரவாக ஒரு வரி எழுதினாலும் ஜெயில் என்று அங்கே அறிவித்திருந்தார்கள். மூன்றரை வருடம் வாட்ஸ்அப்பில் சாப்பாடு, உடம்பு தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் போகும் ஊருக்கு மஸ்கட் வழியாகச் சுற்றிப் போனேன். கடைசியில் 2021ல் சவூதியின் அல் உலாவில் ஆட்சியாளர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பிரச்சினை தீர்ந்தது? கத்தாருக்கு அந்த நான்கு நாடுகளும் போட்ட 13 நிபந்தனைகளில் ஒன்றாவது நிறைவேறியதா? 2025 செப்டம்பரில் தோஹாவிலேயே இஸ்ரேல் குண்டு போட்டபோது எல்லோரும் அறிக்கை விட்டதோடு சரி. இதெல்லாம் ராஜதந்திரமா, நாடகமா?

வீட்டில் ஊருக்கு வந்துவிடச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். இங்கே வேலையில் இருப்பதால் பெயர் வேண்டாம்.

தோஹாவிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பங்காளி என்ற சொல்லை விட மனமில்லை. சாயங்காலம் பந்தி என்றதுதான் தப்பு. நம்மூரில் எந்தப் பங்காளிச் சண்டை சாயங்காலம் முடிந்தது? முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து ஹைகோர்ட் வரை போய், வழக்குப் போட்ட இரண்டு பேரும் செத்த பிறகு பேரன்கள் வாய்தாவுக்கு அலைகிறார்கள். ஆனால் அந்த வீடுகளுக்கு நடுவில் பொதுக்கிணறு ஒன்று இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாவது இரண்டு பக்கமும் தண்ணீர் இறைப்பார்கள்.

கத்தார் விஷயத்தில் அந்தக் கிணறு நிஜமாகவே இருந்தது. கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து கடலுக்கடியில் 364 கிலோமீட்டர் போய் அபுதாபியில் கரையேறும் டால்ஃபின் எரிவாயுக் குழாய். 2007 முதல் ஓடுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 200 கோடி கன அடி. அமீரகத்தில் மின்சாரம் தயாரிப்பதும் கடல்நீரைக் குடிநீராக்குவதும் கணிசமான அளவு அந்த வாயுவை நம்பித்தான். நீங்கள் வராத லாரிக்காகக் குடோன் வாசலில் நின்ற அந்த ஜூன் வெயிலில், துபாயில் ஏசி ஓடியதில் கத்தார் வாயுவுக்கும் பங்கு உண்டு.

தூதர்களை அனுப்பிவிட்டார்கள், வானத்தை மூடினார்கள், கத்தார் குடிமக்கள் 14 நாளில் வெளியேற வேண்டும் என்றார்கள். அந்தக் குழாயின் வால்வை மட்டும் யாரும் தொடவில்லை. இந்த முற்றுகையைக் காரணம் காட்டி ஒப்பந்தப்படியே வாயுவை நிறுத்தலாம், ஆனால் அமீரக மக்கள் நமக்குச் சகோதரர்கள், நிறுத்த மாட்டோம் என்று கத்தார் பெட்ரோலியத்தின் தலைவர் சாத் அல் காபி அந்த மாதமே சொன்னார். சகோதரப் பாசம் கொஞ்சம் இருந்திருக்கலாம். நம்பி வாங்கலாம் என்ற பெயர் கெட்டால் ஜப்பான்காரனும் கொரியாக்காரனும் யோசிப்பான் என்ற கணக்கு அதைவிட நிறைய இருந்திருக்கும். அந்தப் பக்கம் அமீரகமும் "உன் வாயு வேண்டாம்" என்று சொல்லவில்லை.

எகிப்தின் கதையும் இதேதான். உறவை முறித்தது, கத்தாரில் வேலை பார்த்த சுமார் 3 லட்சம் எகிப்தியர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. சூயஸ் கால்வாயில் கத்தார் கப்பல்களை மறிக்கவும் இல்லை. கேட்டால் 1888ம் வருட கான்ஸ்டான்டிநோபிள் உடன்படிக்கை கையைக் கட்டிப் போட்டிருக்கிறது என்றது. கட்டி வைத்த கை சில சமயம் வசதிதான்.

அப்படியானால் யார்மேல் விழுந்தது? உங்கள்மேல், உங்கள் தம்பிமேல், சவூதியில் பெண் எடுத்த கத்தார் குடும்பங்கள்மேல். ஒட்டகங்கள்மேலும். கத்தாரில் மேய்ச்சல் நிலம் குறைவு என்பதால் அங்குள்ளவர்கள் தங்கள் ஒட்டகங்களையும் ஆடுகளையும் காலங்காலமாக சவூதிப் பாலைவனத்தில்தான் விட்டு வைத்திருந்தார்கள். அவற்றையும் வெளியேற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கில் எல்லைக்கு ஓட்டி வந்தார்கள். கத்தாரின் எல்லைச் சாவடியான அபு சம்ரா பக்கம் அவை வெயிலில் கூட்டமாக நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தகராறில் எனக்கு மறக்காத காட்சி அதுதான். அரசர்களுக்கு நடுவில் கோடு எப்போதும் உண்டு. மேய்ப்பவனுக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

சரி, சண்டை எதற்கு? பழைய கணக்குகள் உண்டு. 1992ல் அல் கஃபூஸ் எல்லைச் சாவடியில் சவூதியும் கத்தாரும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டன. 1995ல் கத்தார் இளவரசர் ஹமத் தன் தகப்பனாரை இறக்கிவிட்டு அரியணையில் உட்கார்ந்தார். அடுத்த வருடம் அவரைக் கவிழ்க்க நடந்த முயற்சியின் பின்னால் பக்கத்து நாடுகள் இருந்ததாகக் கத்தார் இன்றும் சொல்கிறது. 2014லேயே ஒருமுறை சவூதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் தூதர்களைத் திரும்பப் பெற்று, எட்டு மாதம் கழித்து அனுப்பின. 2017ல் நடந்தது அதன் இரண்டாம் பாகம்.

அடியில் இருப்பது எளிய விஷயம். ஹமத் காலத்திலிருந்து கத்தார் தன் பாதுகாப்பை ஒரே இடத்தில் அடகு வைக்கவில்லை. அல் உதைதில் அமெரிக்கத் தளம். தாலிபானுக்கு ஓர் அலுவலகம், ஹமாஸுக்கு ஓர் அலுவலகம். ஒரு மூலையில் துருக்கி வீரர்கள். ஊரெல்லாம் கேட்க அல் ஜஸீரா டிவி. எல்லாருக்கும் நம்மால் ஒரு காரியம் ஆக வேண்டும், அப்போதுதான் யாரும் நம்மை விழுங்கமாட்டார்கள் என்ற கணக்கு. சவூதி பக்கத்திலிருந்து பார்த்தால் அதே வீடு எதிரிகளுக்கெல்லாம் திண்ணை போட்டுக் கொடுக்கும் வீடு. இரண்டும் உண்மை. கத்தாரை நான் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. கெய்ரோவிலும் திரிபோலியிலும் அரண்மனைகளை ஆட்டிப் பார்த்த அல் ஜஸீராவின் கேமரா, தோஹா அரண்மனைப் பக்கம் அவ்வளவாகத் திரும்பியதில்லை.

அந்த 13 நிபந்தனைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அல் ஜஸீராவை மூடு, துருக்கித் தளத்தை மூடு, ஈரானோடு உறவைக் குறை, நஷ்டஈடு கொடு, முதல் வருடம் மாதாமாதம் தணிக்கைக்கு உட்படு, அப்புறம் பத்து வருடம் கண்காணிப்பு. கெடு பத்து நாள். ஒப்புக்கொள்ளக் கூடாது என்றே எழுதியதுபோல இருக்கும். அதிலும் ஈரானை விலக்கு என்பது நடக்கிற காரியமா? கத்தாரின் செல்வம் முழுக்க வடக்கு வயலில் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய எரிவாயு வயல். அதன் மறுபகுதி ஈரானுடையது, அங்கே அதற்குப் பெயர் தெற்கு பார்ஸ். கடலுக்கடியில் வேலி கிடையாது. ஒரே கிணற்றில் எதிர்ப்பக்கம் இறைப்பவனோடு பேசாதே என்றால் எப்படி? சவூதி வானத்தை மூடியபோது கத்தார் விமானங்கள் ஈரான் வானத்தில்தான் பறந்தன. உறவைக் குறைக்கச் சொன்னவர்களே அதை வளர்த்தும் விட்டார்கள்.

நிபந்தனைகளை எடுத்துக்கொண்டு தோஹாவுக்குப் போனது குவைத். நீங்கள் கேட்ட ராஜதந்திரம் இங்கேதான் இருக்கிறது. குவைத் அமீர் ஷேக் சபாஹ் அல் அஹ்மதுக்கு அந்த ஜூனில் 88 வயது நிறைந்தது. நோன்பு வைத்துக்கொண்டு ஜித்தா போனார், அடுத்து துபாய், துபாயிலிருந்து தோஹா. அடுத்த மூன்று வருடமும் விடாமல் தூது அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஏன் அவ்வளவு அக்கறை?

1990 ஆகஸ்ட் 2ம் தேதி ஈராக்கின் சதாம் குவைத்துக்குள் நுழைந்தபோது அதன் வெளியுறவு அமைச்சர் இதே சபாஹ். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஜித்தாவில் ஈராக்கும் குவைத்தும் உட்கார்ந்து பேசின. கடன், எண்ணெய் விலை, எல்லையில் இருக்கும் ருமைலா எண்ணெய் வயல் என்று எல்லாம் பங்காளி விவகாரம். "மறுபடி பேசலாம்" என்று கலைந்தார்கள். மறுபடி பேச நாடு இல்லை. ஆகஸ்ட் 10ம் தேதி கெய்ரோவில் அரபு லீக் கூடியபோது 21 உறுப்பு நாடுகளில் 12தான் படை அனுப்ப ஆதரவாக வாக்களித்தன. அதை அனுபவித்த மனிதருக்குப் பெரிய பக்கத்து வீட்டுக்காரன் குரலை உயர்த்தினால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 செப்டம்பரில் வாஷிங்டனில் டிரம்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, ராணுவ நடவடிக்கை நடக்காமல் தடுத்துவிட்டோம், அதுதான் முக்கியம் என்றார். முற்றுகை போட்ட நான்கு நாடுகளும், அப்படி ஒரு யோசனையே இல்லை என்று உடனே மறுத்தன. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். அந்த வயதில் அவர் அதை வாய்தவறிச் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

2020 செப்டம்பர் 29ல் அவர் காலமானார். அல் உலா உச்சிமாநாடு 2021 ஜனவரி 5. அதைப் பார்க்க மூன்று மாதம் போதவில்லை. அதே வருடம் மறைந்த ஓமன் சுல்தான் காபூஸ் பெயரையும் இவர் பெயரையும் சேர்த்து அந்த மாநாட்டுக்கு வைத்தார்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. 13ல் எது நிறைவேறியது? அநேகமாக எதுவும் இல்லை. அல் ஜஸீரா ஓடுகிறது, துருக்கித் தளம் இருக்கிறது. கத்தார் தன் பங்குக்குச் சர்வதேச அமைப்புகளில் போட்டிருந்த வழக்குகளைக் கைவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர் "பழசைக் கிளறாதீங்க" என்று சொல்லி எழுந்துவிடுவாரே, அந்த ரகத் தீர்வு. நீங்கள் இதை நாடகம் என்கிறீர்கள். எனக்கு அந்த மௌனம்தான் ஒப்பந்தமாகத் தெரிகிறது. யார் ஜெயித்தது என்று எழுதினால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் உங்கள் சந்தேகமும் சரி: கட்டிப்பிடித்தது 2021ல். பஹ்ரைன் உறவைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டது 2023 ஏப்ரலில். அமீரகத்துத் தூதரகம் தோஹாவில் திறந்தது அந்த ஜூனில். கைக்கும் மனசுக்கும் நடுவில் இரண்டரை வருடம்.

2025 செப்டம்பர் 9 விஷயத்தில் உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். வளைகுடாக் கூட்டமைப்பு 2000ம் ஆண்டிலேயே, ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியது போல என்று கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறது. தீபகற்பக் கேடயம் என்று கூட்டுப்படையும் உண்டு. அது கிளம்பியதாக எல்லாருக்கும் நினைவிருப்பது 2011ல், பஹ்ரைனில் அரசுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய சொந்த மக்களை அடக்கியபோதுதான். தோஹாவில் குண்டு விழுந்து ஒரு வாரத்துக்குள் அரபு, இஸ்லாமிய நாடுகள் அங்கே கூடின, கண்டித்தன, கலைந்தன. அதற்கு இரண்டு நாள் கழித்து சவூதி அரேபியா கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் பாகிஸ்தானோடு. கத்தார் வாங்கி வைத்துக்கொண்டது டிரம்பின் எழுத்து வாக்குறுதி. ஆபத்து வந்தால் பங்காளியை நம்பி உட்கார முடியாது என்று பங்காளிகளுக்கே தெரிந்திருக்கிறது.

ஒன்று மட்டும் கவனித்தேன். குண்டு விழுந்த மறுநாளே தோஹாவுக்கு விமானம் ஏறி வந்தவர் அமீரக அதிபர் முகமது பின் சாயித். முற்றுகையில் முன்வரிசையில் நின்றவர். எழவு வீட்டுக்கு முதலில் வருகிற பங்காளி மாதிரி.

ஊருக்குத் திரும்புவது பற்றி. உங்கள் சம்பளம், கடன், பிள்ளைகள் படிப்பு எதுவும் தெரியாமல் நான் சொல்ல முடியாது. ஒரு சம்பவம் மட்டும். 1990ல் எங்கள் தெருக்காரர் ஒருவர் குவைத்தில் டிரைவராக இருந்தார். ஈராக் டாங்கிகள் வந்த அன்று அவருடைய பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். முதலாளி கோடைக்கு ஐரோப்பா போயிருந்தார், சாவி அவரிடம். அப்போது குவைத்திலிருந்து சுமார் 1,70,000 இந்தியர்கள் திரும்பி வந்தார்கள், பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக. கூட வந்தவர்களெல்லாம் விமானம் ஏறிப் போக, இவர் மட்டும் தூதரகத்தில் ஒரு காகிதம் வாங்குவதற்காக நாட்கணக்கில் பின்தங்கினார். வந்து இறங்கியபோது கையில் குவைத் தினார் ஒரு கட்டு இருந்தது. வங்கியில் வாங்க மறுத்தார்கள். அதை அவர் பல வருடம் பீரோவில் வைத்திருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா? கம்பெனி வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், அங்கே சட்டமே உங்கள் பக்கம்தான். தம்பியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.