கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் இசை எழுவது எப்படி? கோப்பையில் தண்ணீர் எதற்கு?

முதல் முறை முயன்றபோது எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. வடை தின்ற கை. சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கால்மணி நேரம் தேய்த்தேன். கோப்பை வாயே திறக்கவில்லை. எண்ணெய்ப் பசை இருந்தால் விரல் வழுக்கிக்கொண்டே போய்விடும். கோப்பை பாட, கொஞ்சம் பிடிப்பும் வேண்டும்.

சுத்தமான ஈர விரல் விளிம்பைப் பற்றுகிறது, நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. இது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. வயலின் வில் தந்தியை இழுப்பதும் இப்படித்தான். அந்த இழுப்பில் கோப்பையின் வட்ட வாய் ஒரு பக்கம் நசுங்கி நீள்வட்டமாகிறது, உடனே மறுபக்கம் நசுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் முக்கால் கோப்பை தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பாருங்கள்: சுவரை ஒட்டிச் சிற்றலைகள் நடுங்கும், விரலோடு சேர்ந்து அவையும் சுற்றி வரும்.

தண்ணீர் ஒலியை உண்டாக்குவதில்லை. அதிரும் சுவர் தண்ணீரையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருப்பதால் அதிர்வு மெதுவாகிச் சுருதி இறங்குகிறது. குச்சியால் தட்டும் ஜலதரங்கத்தின் பீங்கான் கிண்ணங்களிலும் இதே கதைதான். பாட்டில் வாயில் ஊதினால் மட்டும் நேர்மாறு: அங்கே அதிர்வது காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து சுருதி ஏறும். இரண்டையும் ஒன்றென நினைத்துக் குழம்பியவர்களில் நானும் ஒருவன்.

தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்க்கும் வேலையையே ஒழித்தவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். இங்கிலாந்தில் ஒருவர் கோப்பைகளில் வாசித்ததைக் கேட்டுவிட்டு, 1761இல் லண்டனில் 37 கண்ணாடிக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக ஓர் இரும்புத் தண்டில் கோத்தார். பெரியதன் விட்டம் 9 அங்குலம், சிறியது 3 அங்குலம். காலால் மிதித்தால் தண்டு சுழலும். ஈர விரலை விளிம்பில் வைத்தால் போதும். ஒரே நேரத்தில் பல சுரங்களையும் எழுப்பலாம். 1791இல் மோட்சார்ட், பார்வையற்ற கலைஞர் மரியானே கிர்ச்கெஸ்னருக்காக இதற்கு இசை எழுதினார். வாசித்தால் பித்துப் பிடிக்கும் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆதாரம் எதுவும் இல்லை.

வீட்டில் முயல்வதானால் அடியில் காம்பு வைத்த மெல்லிய கண்ணாடிக் கோப்பையாக எடுங்கள். டீக்கடைத் தடிக் கண்ணாடித் தம்ளரோடும் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன், விரல்தான் சிவந்தது.