மேக்குக்கு மாறுகிறேன், ஐமேக் வாங்கலாமா?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். என் பழைய கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறது. 11 ஏறாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் மகன், "விண்டோஸே வேண்டாம்மா, ஐமேக் வாங்கிடலாம். திரை, கணினி எல்லாம் ஒரே உடம்பு, ஒயர் தொல்லை இல்லை" என்கிறான். கண்புரை அறுவை சிகிச்சை ஆன கண், இரட்டைப் பார்வைக் கண்ணாடி. வேலை எல்லாம் வேர்டிலும் பிடிஎஃப்பிலும்தான். தமிழ்99 தட்டச்சு. பழைய கோப்புகளில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. வாங்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, ஆப்பிளின் மேக்குக்குத் தாராளமாக மாறுங்கள். ஐமேக் மட்டும் இப்போது வேண்டாம். திரை இல்லாத சின்னப் பெட்டிக் கணினியான மேக் மினியும், படப்புள்ளிகள் நெருக்கமான 27 அங்குல 4கே திரை ஒன்றும் தனித்தனியாக வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது கண். நானும் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறவன், அதனால் மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்கு எது வேலை வைக்கும் என்று தெரியும். ஒற்றின் மேலே புள்ளி இருக்கிறதா, 'ண'வா 'ன'வா, காலா 'ர'வா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 21.5 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 102 படப்புள்ளிகள்தான் உண்டு. அடிக்குறிப்பு அளவு எழுத்தில் மெய்யின் புள்ளி ஒரு மங்கல் கறையாகத்தான் தெரியும். ஐமேக்கின் 24 அங்குலத் திரையில் 4480க்கு 2520, அதாவது அங்குலத்துக்கு 218. அச்சடித்த தாளைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். மகன் சொன்னதில் இந்த ஒரு காரணம் மறுக்க முடியாதது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. "மினியை மட்டும் வாங்கி வீட்டில் இருக்கும் பழைய மானிட்டரில் சொருகிக்கொள்ளுங்கள், பணம் மிச்சம்" என்று சிலர் சொல்வார்கள். உங்களுக்கு அது ஆகாது. சாதாரணத் திரையில் எழுத்தின் விளிம்பைக் கூர்மையாக்க, ஒவ்வொரு படப்புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தும் ஒரு முறை உண்டு. விண்டோஸில் அது இன்றும் இருக்கிறது. ஆப்பிள் 2018இல் வந்த மொஹாவே என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து அதைக் கைவிட்டுவிட்டது. ஆகவே அதே பழைய மானிட்டரில் விண்டோஸில் இருந்ததைவிட மேக்கில் தமிழ் இன்னும் மங்கலாகத் தெரியும். மேக் என்று முடிவு செய்தால் அடர்த்தியான திரையும் கூடவே வந்தாக வேண்டும். 27 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 163 புள்ளிகள். ஐமேக் அளவுக்கு இல்லை என்றாலும் உங்கள் வேலைக்குத் தாராளம்.

சரி, கூர்மை கூடுதலாக இருக்கும் ஐமேக்கை ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் அதன் கால். முன்னும் பின்னும் சாயுமே தவிர ஏறாது, இறங்காது. இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் கிட்டத்து எழுத்தைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்கிறீர்கள். திரை கொஞ்சம் உயரமாக இருந்தாலும் மோவாயைத் தூக்கிக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். மாலையில் பிடரி வலி வரும். தனியாக வாங்கும் திரையில், உயரம் மாற்றக்கூடிய கால் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வகையில் பலவற்றை 90 பாகை திருப்பி நெட்டுவாக்கில் நிறுத்தவும் முடியும். மெய்ப்புக்கு இதைவிட வசதி இல்லை. டெமி அளவுப் புத்தகத்தின் ஒரு முழுப் பக்கம், தலைப்பிலிருந்து பக்க எண் வரை, அச்சு அளவைப் போல இரண்டு மடங்காக நிற்கும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போதுதான் நம் கண் வரியைத் தவறவிடுகிறது. அந்த வேலையே இருக்காது.

இரண்டாவது, நீங்கள் இயங்குதளம் மாறுகிறீர்கள். பிடித்துப்போகலாம், பிடிக்காமலும் போகலாம். தனித்திரை என்றால், நாளைக்கு விண்டோஸுக்கே திரும்பினாலும் எச்டிஎம்ஐ ஒயரை அந்தக் கணினியில் மாட்டிவிடலாம். ஐமேக்கின் அருமையான திரையை அப்படிப் பயன்படுத்த முடியாது. வேறொரு கணினிக்கு மானிட்டராக இருக்கும் வசதி 2014 நடுவில் வந்த மாடல்களோடு போய்விட்டது. மேக்கிலேயே விண்டோஸை ஓட்ட, பழைய இன்டெல் மேக்குகளில் இருந்த பூட் கேம்ப் வழியும் ஆப்பிளின் இப்போதைய எம் வரிசைச் சில்லுகளில் இல்லை. திரையில் கோளாறு வந்தால் கணினியும் சேர்ந்து சர்வீஸ் சென்டருக்குப் போகும் என்பதையும் யோசியுங்கள். கையில் மெய்ப்பு இருக்கும் வாரத்தில் அது பெரிய கஷ்டம்.

விலை: எம்4 ஐமேக் 2024 அக்டோபரில் அறிமுகமானபோது இங்கே 1,34,900 ரூபாயில் தொடங்கியது. அதே சமயத்தில் வந்த மேக் மினி 59,900. இரண்டிலும் அடிப்படை மாடலுக்கே 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு. வேர்டு கோப்புகளுக்கு அது போதும். ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப்களை வெளி எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளுங்கள், சேமிப்பைக் கூட்டச் சொல்லிக் கூடுதல் பணம் தர வேண்டாம். நல்ல 4கே திரை சேர்த்தாலும் ஐமேக் விலையைவிடக் கணிசமாகக் குறையும். மீதியில் ஒரு யூபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள். ஐமேக்கோ மினியோ, உள்ளே பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அந்த நொடியே நிற்கும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் பாமினிக் கோப்புகள். புதுக் கணினி வருவதற்கு முன்பே, பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே, இந்த வேலையை முடித்துவிடுங்கள். பாமினியில் தட்டிய 'அம்மா'வுக்குள்ளே தமிழே கிடையாது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டுமே இருக்கின்றன. எழுத்துரு மேலே போர்த்தியிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. எழுத்துருவை மேக்கிலும் நிறுவிப் படிக்கலாம், ஆனால் தமிழில் தேட முடியாது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் பதிப்பகம் கேட்டால் தர முடியாது. பாமினியை யூனிகோடாக மாற்றும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் விண்டோஸில் ஓடுபவை. அவற்றைக் கொண்டு, உங்களிடம் இருக்கும் கணினியிலேயே கோப்புகளை மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்க்கும் கண்ணோடே மூன்று இடங்களைப் பாருங்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள்: வெறும் உரையாக மாற்றினால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். கொம்பு: பாமினியில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு எல்லாம் எழுத்துக்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். சரியாக மாறாவிட்டால் 'கொ' கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாது. அப்புறம் காலும் ரகரமும்: தட்டச்சியவர் கால் போட வேண்டிய இடத்தில் 'ர' போட்டிருந்தால், பாமினியில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இனி அது பிழையாகவே உறைந்துவிடும். இது கணினிக்காரர் யாரும் செய்து தர முடியாத வேலை. உங்களைப் போன்றவர்தான் செய்ய முடியும்.

அவசரமும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தினாலும், பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை தருவதாக அறிவித்தது. அந்தப் பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய கோப்பு திறப்பதற்காக வைத்துக்கொள்ளலாம்.

மற்றவை சின்ன விஷயங்கள். தமிழ்99 மேக்கிலேயே இருக்கிறது: சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் இன்புட் சோர்சஸ், தமிழ். எதையும் நிறுவ வேண்டாம். விரல் பழகிய பழைய கீபோர்டையே வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் விசை அங்கே கமாண்ட் விசையாகிவிடும். காப்பி, பேஸ்டுக்கு கன்ட்ரோலுக்குப் பதில் அது. மினியில் பழைய அகல யூஎஸ்பி துளை கிடையாது, ஒரு டைப்-சி ஹப் வேண்டும். விண்டோஸில் பயன்படுத்திய வெளி ஹார்டு டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் மேக் அதைப் படிக்கும், எழுதாது. 'டிஸ்க் கெட்டுவிட்டது' என்று பயந்துவிடாதீர்கள். விண்டோஸின் லதா, நிர்மலா எழுத்துருக்கள் மேக்கோடு வருவதில்லை. அவற்றில் அமைந்த கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரி முறியும், பக்க எண் தள்ளிப்போகும். பக்க எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்தம் எழுதும் உங்களுக்கு இது சிக்கல். வேர்டு கோப்போடு ஒரு பிடிஎஃப்பும் அனுப்பச் சொல்லிப் பதிப்பகத்திடம் கேட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது, நீங்கள் ஏற்கெனவே பார்த்து முடித்த ஒரு புத்தகத்தின் பிடிஎஃப்பைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். நாற்காலி கேட்டு, உட்கார்ந்து, உங்கள் கண்ணாடியோடு ஓர் அடிக்குறிப்பை முழுதாகப் படியுங்கள். 4கே திரையில் தெளிவு போதவில்லை, ஐமேக்கில்தான் கண் ஓய்வாக இருக்கிறது என்று தோன்றினால் நான் சொன்னதைத் தள்ளிவிட்டு ஐமேக்கே வாங்குங்கள். அப்போது உயரத்துக்கு வேசா பொருத்தும் மாடலைக் கேளுங்கள். கால் இல்லாமல் வரும், ஏறி இறங்கும் தாங்கியில் மாட்டிக்கொள்ளலாம். மேசை மேலே ஒயர் குறைவது மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம்.

கேள்வி: 2017ஆம் ஆண்டு 27 அங்குல ஐமேக் பழையது ஒன்று மலிவாக வருகிறது. 5கே திரையாம். மேக் பழகிப் பார்க்க வாங்கலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: திரைக்காக ஆசைப்படுவது புரிகிறது, உண்மையிலேயே அழகான திரை. ஆனால் அந்த மாடல் வென்ச்சுரா பதிப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த மேக் ஓஎஸ் எதுவும் முறைப்படி அதில் ஏறாது. புது இயங்குதளம் பழக நினைக்கிறவர், முடிந்துபோன பதிப்பில் தொடங்குவதில் பயனில்லை. 2025இல் வந்த டாஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. ஐமேக்கில் 2020 மாடல் மட்டும் அதில் சேர்கிறது. இதே பணத்தோடு கொஞ்சம் சேர்த்து எம்1 சில்லுள்ள பழைய மினியைத் தேடுங்கள். எதை வாங்கினாலும், விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, கணினியை அழித்துப் புதிதாகத் தொடங்கிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: கல்லூரி மகளுக்காக ஆல் இன் ஒன் வாங்கி, விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் போட நினைக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்ல முடிவு. உங்களுக்குப் பக்கத்தில் கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். ஆல் இன் ஒன் உள்ளே இருப்பவை பெரும்பாலும் லேப்டாப் பாகங்கள். வைஃபை சில்லு லினக்ஸுக்குப் பிடிக்காததாக இருந்தால் டெஸ்க்டாப் போலக் கார்டைக் கழற்றி மாற்றுவது லேசில்லை. அதனால் லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டுவையோ பென் டிரைவில் ஏற்றிக் கடைக்கே கொண்டுபோய், நிறுவாமலேயே அதிலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, கேமராவும் ஒலியும் வருகின்றனவா, தூங்கவைத்தால் மறுபடி எழுகிறதா என்று பாருங்கள். கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள், பலருக்கும் தொல்லை அங்கேதான் வருகிறது. பென் டிரைவ் போட விடமாட்டோம் என்கிற கடையில் வாங்க வேண்டாம். தமிழில் தட்டச்ச, ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாக எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை இரண்டும் கிடைக்கும். மகளின் பாடத்திட்டத்தில் விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது இருக்கிறதா என்று துறையில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.