பஸ் ஏறுமுன் வயிறு படுத்தும் அவசரம்

கேள்வி: எனக்கு வயது 36. கும்பகோணத்திலிருந்து தினமும் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். காலையில் காபியும் டிபனும் சாப்பிட்ட பத்தே நிமிடத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு வருடமாக இதே பாடு. பயந்துகொண்டு பல நாள் வெறும் காபியோடு கிளம்பிவிடுகிறேன். ஆயுர்வேதத்தில் வழி உண்டா?

பதில்: வழி உண்டு, அம்மா. வெட்கப்படாமல் கேட்டது நல்லது. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்தில் எழுப்பிவிடும் பேதி இவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயம் தேடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரையாலும் இப்படி ஆகலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இரைப்பையில் சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் உள்ளதுதான். காலையில் அந்த அசைவு கூடுதல். உங்கள் குடலுக்கு அது மிகையாகிறது. பஸ்ஸை நினைத்துப் படும் பயம் இன்னும் முடுக்கிவிடுகிறது. ஆயுர்வேதம் இதைக் கிரகணி என்ற நோயோடு சேர்த்துப் பார்க்கிறது: அக்னி, அதாவது செரிக்கும் சக்தி, சீராக இல்லாததால், பக்குவமாகும் முன்பே உணவு கீழே தள்ளப்படுகிறது.

முதலில் அந்த வெறும் வயிற்றுக் காபியை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். டிகிரி காபி ஊரில் இது சிரமம்தான், ஆனாலும் கேட்கிறேன். காபியும் குடலைத் தூண்டும், பாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

கிரகணிக்குச் சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் உயர்வாகச் சொல்வது மோரை. புளிக்காத தயிரைக் கடைந்து, வெண்ணெய் எடுத்து, தண்ணீர் விட்டு, வறுத்த சீரகப்பொடியும் ஒரு சிட்டிகை சுக்கும் போட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் குடியுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த மோர் வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் மோர் ஒத்துக்கொள்ளும்.

அப்புறம் கோரைக்கிழங்கு. நம் வயல் வரப்பில் களை என்று பிடுங்கிப் போடுகிறோமே, அதேதான், ஆயுர்வேதத்தில் முஸ்தா. பூச்சிமருந்து அடித்த வயலில் தோண்டாதீர்கள், நாட்டுமருந்துக் கடையில் வாங்குங்கள். சுக்கோடு சேர்த்துக் கஷாயமாகக் கொடுப்பதுண்டு. அளவை நாடி பார்த்து வைத்தியர் சொல்லட்டும். பேதிக்குக் கொடுக்கும் குடசப்பாலைப் பட்டை (ஆயுர்வேதத்தில் குடஜம்) சேர்ந்த மருந்துகளை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள்.

பட்டினி மட்டும் வேண்டாம். ஏழரை மணி பஸ் என்றால் ஆறரைக்கே இரண்டு இட்லியோ இளஞ்சூட்டில் கஞ்சியோ சாப்பிட்டுவிடுங்கள். வயிறு அழைக்கும் நேரம் வீட்டிலேயே கழிந்துவிடும்.