ஒரு கணினி, மூன்று கொன்சோல்: கேட்டவர்களுக்குப் பதில்

கணினிக்கு வரும் இணையத்தை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வகையறாக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி. என்றாலும் எழுதுகிறேன்.

உவர்மலையிலிருந்து: அக்கா, டொங்கிளைக் (சிம் போட்ட யுஎஸ்பி இணையக் குச்சி) கணினியில் குத்தியிருக்கிறேன். பிஎஸ்4 ஒன்று, பழைய எக்ஸ்பாக்ஸ் 360 ஒன்று. இரண்டுக்கும் எப்படிக் கொடுப்பது?

360 எந்த மாதிரி என்று பாருங்கள். 2010இல் வந்த மெலிந்த மாதிரிக்கு முந்தியதென்றால் உள்ளே வைஃபை கிடையாது, லான் கேபிள்தான். ஐந்து துளை உள்ள சின்ன சுவிட்ச் ஒன்று வாங்குங்கள் (நின்டெண்டோ இல்லை, கேபிள் குத்துகிற பெட்டி). கணினியிலிருந்து ஒரு கேபிள் அதற்கு, அதிலிருந்து ஒவ்வொரு கொன்சோலுக்கும் ஒன்று.

இனி விண்டோஸில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, டொங்கிளின் இணைப்பில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங். முதல் கட்டத்தில் சரி அடையாளம் போட்டு, கீழே லான் இணைப்பைத் தெரிவு செய்யுங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் பிழைக்கிற இடம் இது: லான் பக்கத்தில் போய் ஷேரிங் போடுவார்கள். தண்ணீர் வருகிற குழாயில்தான் பிரிவு போட வேண்டும், போகிற குழாயில் இல்லை.

போட்டதும் லான் பக்கத்தின் முகவரி 192.168.137.1 என்று தானாக மாறும். (எக்ஸ்பி காலத்தில் 192.168.0.1.) கொன்சோலில் எல்லாவற்றையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று விடுங்கள், 192.168.137 என்று தொடங்கும் முகவரி வந்தால் வேலை முடிந்தது. கணினியை அணைத்து ஏற்றியதும் இணையம் போய்விட்டால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் 10இல் அது பழைய வியாதி. அடையாளத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் வரும்.

ஒன்று மட்டும் கேளுங்கள். கேபிள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பாலையூற்றில் என் மச்சான், பக்கத்து வீட்டுக்குத் தகரக் கூரைக்கு மேலால், மாமரத்தில் கட்டி லான் கேபிள் இழுத்தான். ஐப்பசியில் ஒரு பின்னேரம் இடி. மரத்தில் விழவில்லை, எங்கோ தள்ளித்தான். சுவிட்சின் ஐந்து வெளிச்சமும் அன்றைக்கு அணைந்ததுதான், கணினியின் லான் துளையும் போனது.

கிண்ணியாவிலிருந்து: ரவுட்டரிலிருந்து கணினிக்கு எடுத்து ஷேர் பண்ணுகிறேன். ஒரு எக்ஸ்பாக்ஸ் மட்டும் என்றால் நன்றாகப் போகுது. தம்பியுடையதையும் போட்டால் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று வருது. ஏன்?

இதுதான் சரியான கேள்வி. ஒரு கொன்சோலுக்குப் பிரிப்பது விளையாட்டு, இரண்டாவது வரும்போதுதான் பிரச்சினை தொடங்கும்.

‘ஸ்ட்ரிக்ட்’ என்றால், வெளியிலிருந்து மற்ற விளையாட்டுக்காரர் உங்கள் கொன்சோலுக்கு வரும் வழி அடைபட்டிருக்கிறது. இரண்டு எக்ஸ்பாக்ஸும் கேட்பது ஒரே கதவை: போர்ட் 3074. முதலில் வந்தவர் பிடித்துக்கொண்டால் மற்றவர் வெளியில். நீங்களே ரவுட்டரில் 3074ஐ ஒரு கொன்சோலுக்கு என்று கையால் எழுதி வைத்திருந்தால் இன்னும் மோசம், அதை முதலில் அழியுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி என்ற வசதி ஓனில் இருக்கட்டும், எந்தக் கொன்சோலுக்கு எந்தக் கதவு என்று அதுவே பேசித் தீர்க்கும். எக்ஸ்பாக்ஸ் ஒன்றிலும் அதற்குப் பிந்தியதிலும், நெட்வொர்க் அமைப்புகளில் வேறு போர்ட் தெரிவு செய்யவும் இடம் உண்டு. தம்பியின் பெட்டியில் அதை மாற்றிப் பாருங்கள்.

சிக்கலின் மற்றப் பாதி, உங்கள் வீட்டில் ரவுட்டரும் இருப்பது. ரவுட்டர் ஒரு நாட் (ஒரே வெளி முகவரியை உள்ளே பல கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது), கணினி இன்னொரு நாட். கொன்சோல் தட்டுகிற கதவைக் கணினி திறந்துவிடும், ரவுட்டருக்கு அந்தச் செய்தி போகாது. ஆகவே ஷேரிங்கை எடுத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து வரும் லானையும் கொன்சோல் பக்க லானையும் சேர்த்துத் தெரிவு செய்து ‘பிரிட்ஜ்’ போடுங்கள். அப்போது கொன்சோல்கள் ரவுட்டரிடமே முகவரி வாங்கும். இன்னும் நல்லது, கணினியை நடுவிலிருந்து எடுத்துவிட்டு சுவிட்சை நேரே ரவுட்டரில் குத்துவது.

மூதூரிலிருந்து: டொங்கிளில் போர்ட் திறக்க ஏலுமா?

டொங்கிளுக்கு வந்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், உங்களுக்கு முன்னால் நிறுவனமே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. நீங்கள் உள்ளே எத்தனை கதவு திறந்தாலும் படலை அவர்கள் கையில். பொது முகவரி தருவார்களா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நிலாவெளியிலிருந்து: பிஎஸ்4இல் நாட் டைப் 3 வருது.

அது பிஎஸ்4இன் ‘ஸ்ட்ரிக்ட்’. போர்ட் நம்பர் வேறு, கதை ஒன்றுதான். கிண்ணியாத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பஸ் நிலையத்தடியில் நெட் கடை வைத்திருக்கும் அண்ணை: தங்கச்சி, கணினியை நடுவில் போட்டால் லாக் (விளையாட்டில் வரும் தாமதம்) கூடும். பத்து வருஷம் பார்த்தவன் சொல்கிறேன். எங்கள் கடையில் 40 மில்லிசெக்கன் கூடினது.

அண்ணை, கேபிளில் கணினி நாட் செய்வதற்கு ஒரு மில்லிசெக்கனும் ஆகாது. மடிக்கணினி ஒன்றை அதே சுவிட்சில் குத்தி 192.168.137.1க்கு பிங் அடித்து, பதில் வர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். உங்கள் கடையில் ஷேர் பண்ணினது கேபிளிலா, ஹொட்ஸ்பொட்டிலா?

அதே அண்ணை: ஹொட்ஸ்பொட். மடிக்கணினிக்கு வந்ததும் வைஃபைதான்.

அதுதான். ஒரே ரேடியோ இணையத்தையும் வாங்கி, கொன்சோலுக்கும் கொடுக்கிறது. ஒரு வாயால் சாப்பிட்டுக்கொண்டே கதைப்பது மாதிரி. விண்டோஸ் ஹொட்ஸ்பொட் எட்டுக் கருவி வரை சேர்க்கும் என்பதற்காக எட்டும் விளையாடும் என்றில்லை. முதல் பிஎஸ்4க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், கடைத்தெருவில் அந்த அலைவரிசை திருவிழாச் சனம் மாதிரி. போதாததற்குக் கணினி பின்னால் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கும். கணினி நடுவில் இருந்ததில் இல்லை குற்றம்.

மறுபடி அண்ணை: அப்போ சிங்கப்பூர் சர்வருக்கு ஏன் இவ்வளவு பிங்?

சிங்கப்பூர் எங்களுக்குக் கிழக்கே. கடலோ வாசலில். ஆனால் எங்கள் பக்கெட் (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) முதலில் தீவுக்குள்ளால் தென்மேற்கே போக வேண்டும்: கடலடிக் கேபிள்களில் சீ-மி-வி 4 கொழும்பில் கரையேறுகிறது, சீ-மி-வி 5 மாத்தறையில். திருகோணமலை டச் வளைகுடாவில் இருந்துகொண்டு கேட்டால் எரிச்சலாகத்தான் இருக்கும்.

தம்பலகாமத்திலிருந்து: நின்டெண்டோ சுவிட்சுக்கு லான் துளை எங்கே?

2021இல் வந்த ஓலெட் மாதிரியின் டொக்கில் இருக்கிறது. பழைய டொக்குக்கு யுஎஸ்பி லான் அடாப்டர் வேண்டும்.

உப்புவெளியிலிருந்து: நாட் ஸ்ட்ரிக்ட் என்று வருது, என்ன செய்ய?

மேலே.

சாம்பல்தீவிலிருந்து: மொட் பண்ணின (உள்ளே மாற்றம் செய்த) கொன்சோலுக்குத் தடை போட்டுவிட்டார்கள், எடுக்கலாமா?

என்னிடம் வராதீர்கள்.

நெட் கடை அண்ணை, பின்னேரம்: தங்கச்சி, கேபிளில் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிசெக்கன்கூட இல்லை, தோல்வி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுநடுவே இணைப்பு விழுந்து விழுந்து எழும்புது.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். எட்டுத் தகடும் மஞ்சளாக மின்ன வேண்டும். கடற்காற்றில் பச்சை பிடித்திருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள், வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தலை அடியுங்கள். சுவிட்சின் துளைக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது அண்ணை, வேலையை நாளைக்கு வைத்துக்கொண்டு இப்போது எல்லாக் கேபிளையும் கழற்றுங்கள்.