தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும் காட்டுப்பூனை: கொழும்பில் இருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்பார்கள். சதுப்பு நிலத்திலேயே குடியிருந்து, நீந்தி மீன் பிடித்துச் சாப்பிடும் காட்டுப்பூனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? அதன் உடம்பே அதற்கென்று அமைந்ததா?"

உண்மைதான். மீன்பிடிப் பூனை என்று பெயர், சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். நான் கொழும்புக்காரன். எங்கள் நகரத்துக்குள்ளேயே, ராஜகிரிய, பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கத்துச் சதுப்புகளிலும் கால்வாய்க் கரைகளிலும் அது இருக்கிறது. ஆனால் "உடம்பே அதற்கென்று அமைந்ததா" என்று கேட்டீர்களே, அதற்கு முழுதாக ஆம் என்று சொல்ல மாட்டேன். பாதி உடம்பு. மீதி அதன் பழக்கமும், அது குடியிருக்கும் இடமும்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். வீட்டுப் பூனையை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது. வளர்ந்த ஆண் பூனை 16 கிலோ வரை போகும், பெண் அதில் பாதிதான் இருக்கும். சாம்பலும் பாசி நிறமும் கலந்த மயிர், அதில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். நெற்றியில் இருந்து பிடரி வரை கறுப்புக் கோடுகள் ஓடும். காது சின்னது, தலையோடு ஒட்டியிருக்கும். கால்கள் கட்டை, வால் தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்கும். மரத்தில் தாவித் திரியும் பூனைகளுக்கு இருக்கும் நீண்ட வால் இதற்கில்லை. நீந்தும்போது இந்தத் தடித்த வாலால் திசை திருப்பிக்கொள்ளும்.

மயிர் இரண்டு அடுக்கு. தோலோடு ஒட்டிய உள் அடுக்கு மிகவும் குட்டை, மிகவும் அடர்த்தி. தண்ணீர் அதைத் தாண்டித் தோலைத் தொடுவது கடினம். அதற்கு மேலே நீளமான மயிர், புள்ளியும் கோடும் தெரிவது இந்த அடுக்கில்தான். நகங்களும் மற்றப் பூனைகளின் நகங்களைப் போல முழுதாக உள்ளே போய் ஒளிவதில்லை. உறை சிறியது, நுனி எப்போதும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வழுக்கும் சேற்றில் ஊன்றவும், வழுக்கும் மீனைக் கொளுவவும் அது வசதி.

அப்புறம் அந்தப் பிரபலமான விரலிடைச் சவ்வு. இணையத்தில் எதைத் திறந்தாலும் "வாத்துக்கால் கொண்ட பூனை" என்கிற தோரணையில்தான் எழுதியிருக்கிறார்கள். சவ்வு இருக்கிறது, ஆனால் பாதி அளவுதான். அதுவும் தண்ணீரோடு சம்பந்தமே இல்லாத வட அமெரிக்க பொப்கட் பூனையின் சவ்வை விடப் பெரிதாக ஒன்றும் வளர்ந்ததில்லை என்று விலங்கியலாளர்கள் எப்போதோ ஒப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். பல்லிலும் தாடையிலும்கூட மீனுக்கென்று தனியான ஏற்பாடு கிடையாது. அதனால்தான் மீன் கிடைக்காத காலத்தில் எலி, தவளை, நண்டு, நீர்ப்பறவை, பாம்பு, பூச்சி என்று எதையும் தின்று சமாளிக்கிறது. ஆனாலும் மீன்தான் முதல் தெரிவு. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் இதன் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்து 1993 இல் வெளியிட்டார்கள். 76 சதவீத எச்சத்தில் மீன் இருந்தது.

சரி, சாதாரணப் பூனைக்குரிய பல்லும் காலும் வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு மீன் பிடிக்கிறது? இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராஜகிரியவில் மாமியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் மறுகரை முழுக்கச் சம்புப் புல். ஒருநாள் இரவு மாடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, சத்தம் போடாத, அங்க பார்" என்று மாமி கையைப் பிடித்தார். பக்கத்து வீட்டு மதில் விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தில், கரையோரச் சேற்றில் அது குந்தியிருந்தது. பின்னங்கால்களும் இடுப்பும் தரையில், முன்னங்கால்கள் மட்டும் தண்ணீரின் விளிம்பில். தலையைத் தாழ்த்தி, மூக்கு நீரைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொண்டு அசையவேயில்லை. காது மட்டும் ஒருமுறை திரும்பியது. எங்களுக்குக் கால் கடுத்துப்போயிற்று, அது அப்படியே இருந்தது. பிறகு தலையும் தோளும் ஒரே வீச்சில் உள்ளே போயின. இடுப்பு தரையை விட்டு நகரவில்லை. வெளியே வந்தபோது வாயில் உள்ளங்கை அளவு திலாப்பியா ஒன்று துடித்தது. மேல் மயிர் திரி திரியாக ஒட்டிப்போய்க் கிடந்தது. ஒரே ஒரு உதறல், மயிர் மறுபடி விரிந்துவிட்டது. மீனோடு சம்புக்குள் நுழைந்தது, அவ்வளவுதான்.

அந்த இடுப்பு நகராததை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை. பிறகுதான் மேற்கு வங்காளத்தில் இந்தப் பூனைகள் மீன் பிடிக்கும் காணொளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைப் பற்றி வாசித்தேன். ஆழமான தண்ணீர் என்றால் கரையில் பதுங்கிக் காத்திருப்பது, பாயும்போதும் பின்னுடம்பைக் கரையிலேயே ஊன்றி வைப்பது. அப்படிச் செய்தால் தண்ணீர் அதிகம் கலங்காது, மீன் கலைந்து போகாது. ஆழம் குறைந்த இடம் என்றால் வேறு முறை. உள்ளே இறங்கி நடந்து, தேடிப் பிடிக்கும். ஆழத்துக்குள் முழுதாக முங்கி நீந்தவும் அதனால் முடியும், ஆனால் அன்றாடச் சாப்பாடு முங்கித் தேடுவதில் கிடைப்பதில்லை. கரையும் தண்ணீரும் சேரும் அந்த விளிம்பில்தான் கிடைக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர், ஒளிந்திருக்க உயரமான புல், மீன். இந்த மூன்றும் சேர்ந்த இடம் இருந்தால் மீன்பிடிப் பூனை இருக்கும். ஒன்று போனாலும் போய்விடும்.

உடம்பே தண்ணீருக்கென்று அமைந்த பூனைதான் வேண்டும் என்றால் இதன் உறவுக்காரன் ஒன்று இருக்கிறது. தட்டைத்தலைப் பூனை. மலேசியா, சுமாத்திரா, போர்னியோ, தெற்குத் தாய்லாந்துச் சதுப்புக்காடுகளில் வாழ்கிறது. இரண்டு கிலோ அளவு எடை, நீண்டு தட்டையான மண்டை, நெருங்கி முன்னோக்கிய கண்கள். பற்களும் வழுக்கும் இரையைப் பிடித்து வைத்திருக்க வாகானவை. மிக அரிதானது, அழிவின் விளிம்புப் பட்டியலில் இருக்கிறது. இன்னொரு பக்கம், சாதாரணமாகக் காட்டுப்பூனை என்று நாம் சொல்கிற நீண்ட கால் பூனை. எகிப்தின் நைல் கரையில் இருந்து இந்தியா தாண்டிப் பரந்திருக்கிறது. நாணல் புதரும் வயலோரமும் அதற்குப் பிடித்தமானவை. தமிழ்நாட்டிலும் எங்கள் வடக்கிலும் வயல் பக்கம் பார்க்கலாம். அது நன்றாக நீந்தும், ஆனால் மீனை நம்பி வாழ்வதில்லை.

மீன்பிடிப் பூனைக்கே திரும்புகிறேன், முக்கியமான விஷயம் இனிமேல்தான். மேலே சொன்ன மூன்றும் சேர்ந்த இடம் எங்கே இருக்கிறது? பெருங்காட்டில் அதிகம் இல்லை. ஆற்று வடிநிலத்திலும், வெள்ளச் சமவெளியிலும், களப்பு ஓரத்திலும் இருக்கிறது. அதே இடங்களில்தான் மனிதரும் நெல் விதைத்தார்கள், குளம் வெட்டினார்கள், நகரம் கட்டினார்கள். அதனால் இதன் பெரும் பகுதி சரணாலய எல்லைக்கு வெளியே, சனங்களின் கொல்லைப்புறத்தில் வாழ்கிறது. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹவுரா மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு குளம், அதற்குப் பின்னால் நாணல் காடு. அங்கே இது ஊரோடு ஊராக இருக்கிறது. மேற்கு வங்காளம் 2012 இல் இதைத் தன் மாநில விலங்காக அறிவித்தது. ஆனால் அதே ஹவுராவில் நாணல் காடு செங்கல் சூளைக்கும் தொழிற்சாலைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2022 இல் ஒரு கணக்கெடுப்பு வெளியானது, பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இந்தப் பூனையை எண்ணிய முதல் முயற்சி அதுதான். தானியங்கிக் கமெராக்களை வைத்து 176 என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு பூனைகள் மீனவர்களோடு ஒரே ஏரியைப் பகிர்ந்துகொண்டிருந்திருக்கின்றன!

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இங்கேதான். காடு வெட்டினால் ஊர் கேள்வி கேட்கும். சதுப்பை நிரப்பினால் "அபிவிருத்தி" என்று கைதட்டும். இந்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பில் சதுப்புக்கு என்றே ஒரு பிரிவு இருக்கிறது, தரிசாக. எங்கள் ஊரிலும் பேச்சு அதே. "சும்மா கிடக்கிற சேத்துக் காணி" என்பார்கள். எங்கள் லேனின் முடிவில் ஒரு துண்டுச் சதுப்பு இருந்தது. யாரோ வாங்கினார்கள், இரவு இரவாக லொறியில் மண் வந்தது. இப்போது அது பத்துப் பத்துப் பேர்ச்சஸ் (இங்கே காணி அளக்கும் அலகு) துண்டுகளாக மதில் கட்டி நிற்கிறது. அதற்குப் பிறகு மழை கொஞ்சம் அழுத்திப் பெய்தாலே எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது.

கொழும்பு இதைப் பெரிய அளவில் அனுபவித்த நகரம். 1982 இல் திறந்த பாராளுமன்றமே சதுப்பைத் தோண்டி உண்டாக்கிய தியவன்னா ஏரியின் நடுவில்தான் இருக்கிறது. 2010 நவம்பரில் அந்தப் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பிறகு சதுப்பு என்பது வெள்ளத்தைத் தாங்கி வைக்கும் இடம் என்ற நினைப்பு அதிகாரிகள் மட்டத்தில் வந்தது. பெத்தகான, தியசரு போன்ற ஈரநிலப் பூங்காக்களும் உருவாயின. 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. இந்த நகரத்து மீன்பிடிப் பூனைகளை வருடக்கணக்காகத் தேடி ஆராய்ந்து வருபவர் ஆன்யா ரத்நாயக்க. அவர் வேலையால்தான் பலருக்கு, கொழும்பில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரிய வந்தது. பெரிய சதுப்புகள் ஒன்றோடு ஒன்று கால்வாயால் இணைந்திருப்பதுதான் இங்கே பூனைக்கு உயிர்நாடி. கால்வாயின் இரு கரைக்கும் கொங்கிரீட் சுவர் கட்டி, புல்லை வழித்துவிட்டால் பூங்கா மிஞ்சும், பூனைக்கு வழி மிஞ்சாது. இதை நகரத் திட்டக்காரர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த ஆபத்து வீதி. இரவில் நடமாடும் விலங்கு, சதுப்பின் நடுவே போட்ட வீதி. விளைவு உங்களுக்கே தெரியும். இன்னொன்று, ஆள் மாறாட்டம். புள்ளியைக் கண்டதும் "புலிக்குட்டி" என்று ஊர் கூடிவிடும், தடியும் வரும். மாமியின் லேனிலும் சிலர் அப்படித்தான் பயந்துபோய் இருந்தார்கள். இது மனிதரைத் தேடி வந்து தாக்குகிற விலங்கே இல்லை. மூலைக்குள் மடக்கினால் சீறும், கடிக்கும், அது எந்தப் பூனையும் செய்வது. இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, கொல்வதும் பிடித்து வைப்பதும் குற்றம்.

இந்தப் பதிலைப் படிப்பவர்களில் யாராவது சதுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குச் சில வார்த்தை. அலங்கார மீன் தொட்டியில் மீன் காணாமல் போகிறது என்றால் பொறி வைக்காதீர்கள். ஒரு பூனையைப் பிடித்து எங்கோ கொண்டுபோய் விட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும், பிடித்ததோ பழக்கமில்லாத இடத்தில் அடிபட்டுச் சாகும். தொட்டிக்கு மேல் உறுதியான கம்பி வலை போடுங்கள், கோழிக்கூட்டை இரவில் பூட்டுங்கள். புல் வெட்டும்போது குட்டிகளைக் கண்டால் தூக்காதீர்கள். தாய் அநேகமாகப் பக்கத்தில்தான் இருக்கும், நீங்கள் விலகினால் வந்து கவ்விக்கொண்டு போகும். அடிபட்டுக் கிடந்தால் மட்டும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அழையுங்கள், அவர்கள் வரும்வரை நாயையும் சனத்தையும் தள்ளி நிறுத்துங்கள். வீட்டுக் கமெராவில் பதிவானால் அதை அழிக்காமல், நாளும் இடமும் குறித்து ஆய்வாளர்களுக்குக் கொடுங்கள். மாமி இப்போது அப்படித்தான் செய்கிறார்.