ஷெவி சி10 ஹீட்டர் சுடவில்லை: கோரைக் கழற்றும் முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்

கேள்வி: கனடாவின் கால்கரியில் இருக்கிறேன். குளிர் தொடங்கும் முன் 1971 ஷெவர்லே சி10 பிக்கப் ஒன்று வாங்கினேன். 350 வி8 எஞ்சின், ஏசி கிடையாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தாலும் ஊருக்குள் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. ஹைவே ஏறினால் அதுவும் ஜில்லென்று ஆகிவிடுகிறது. டெம்பரேச்சர் முள் கால் பங்கைத் தாண்டுவதே இல்லை. ஹீட்டர் கோரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முள் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஹீட்டர் கோர் என்பது கேபின் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர். அது அடைத்துக்கொண்டால் கேபின் குளிரும், ஆனால் எஞ்சின் வழக்கமான சூட்டில்தான் ஓடும். உங்கள் வண்டியில் எஞ்சினே சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றியே போட்டிருப்பார். வண்டி சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிடும் பழக்கம் நம்மூர்ப் பட்டறைகளிலும் உண்டு. கால்கரி குளிரில் அது கட்டுப்படியாகாது.

எஞ்சின் சூடாகும்வரை கூலண்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது திறந்தே கிடந்தால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே கூலண்ட் ரேடியேட்டரைச் சுற்றி வரும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கொஞ்சமாவது சூடு தங்கும். ஹைவேயில் மைனஸ் 20 டிகிரிக் காற்று ரேடியேட்டரில் மோதும்போது எல்லாச் சூட்டையும் உறிஞ்சிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான். ஹைவேயில் சுட்டு, சிக்னலில் நிற்கும்போது குளிர்ந்தால் நான் வேறு பக்கம் தேடச் சொல்லியிருப்பேன்: கூலண்ட் குறைவு, காற்று அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப்.

உறுதி செய்துகொள்ள ஒரு காசும் செலவில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியை வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள், மூடிய கராஜுக்குள் வேண்டாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஃபேன் பெல்ட்டிலேயே சுற்றும் வண்டி இது, அதனால் கழுத்து மஃப்ளரையும் தொங்கும் சட்டைக் கையையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் பல நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

மாற்றுவது ஒரு மணி நேர வேலை. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். சூட்டில் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். கொஞ்சம் கூலண்ட்டை வடித்துவிட்டு, மேல் ஹோஸ் எஞ்சினில் சேரும் இடத்தில் உள்ள 2 போல்ட்டுகளையும் 9/16 ஸ்பேனரால் கழற்றுங்கள். அடியில்தான் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும். கையில் எடுத்ததும் இடைவெளி வழியாக வெளிச்சம் தெரிந்தால் திருடன் பிடிபட்டான். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழாமல் துவாரத்தில் துணியை அடைத்துக்கொள்ளுங்கள்.

புதியது 195 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 91 டிகிரி செல்சியஸ் ரகமாக இருக்கட்டும். கடைக்காரர் 160 கொடுத்தால் வாங்காதீர்கள். மாட்டும் முன் நூலில் கட்டி, அடியில் படாதபடி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு பாருங்கள். கால்கரி உயரமான ஊர், தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் வால்வு முழுசாகத் திறக்காமல் போகலாம். 91 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் போதும். ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும்.

கூலண்ட் ஊற்றும்போது எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. வண்டி ஆறியிருக்கும்போதே மூக்கு மேடாக நிற்கும்படி சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழ்கள் வெளியேறியதும் அளவு இறங்கும், நிரப்பி மூடுங்கள். கீழே சிந்தியதை உடனே துடைக்கவும். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது உயிரை வாங்கும் விஷம்.

ஹீட்டர் இல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். சூடாகாத எஞ்சினில் பெட்ரோல் ஆயிலோடு கலக்கும், ஈரமும் தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் போல் வெளுத்த பசை ஒட்டியிருக்கும். எஞ்சினின் ஆயுளைத் தின்பது அதுதான்.

இத்தனைக்குப் பிறகு முள் ஏறியும் காற்று சுடவில்லையா? ஃபயர்வாலுக்குள், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவருக்குள், போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு, மற்றது ஆறிக் கிடந்தால்தான் கோர் அடைப்பு. அப்போதும் உடனே மாற்ற வேண்டாம், தோட்டத்துக் குழாயை மெல்லத் திறந்து பின்னோக்கிக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் 50 வருடப் பித்தளை தாங்காது. கோரை மாற்றியே ஆக வேண்டியது அது ஒழுகினால்தான்: கேபினில் இனிப்பு வாசனை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு, கம்பளத்தில் ஈரம். ஒருமுறை ஒரு வண்டியில் இரண்டு ஹோஸும் கோருக்கே போகாமல் ஒன்றோடொன்று இணைத்துக் கிடந்ததைப் பார்த்தேன். கோர் ஒழுகியதால் யாரோ செய்த ஒட்டு வேலை.

இரண்டு ஹோஸுமே சுட்டால் குறை காற்றுப் பக்கம். டெம்பரேச்சர் லீவரின் கேபிள் கழன்றிருக்கும், அல்லது ஹீட்டர் பெட்டிக் கதவின் ஸ்பாஞ்ச் உதிர்ந்திருக்கும். லீவரைக் கோடிக்குத் தள்ளும்போது உள்ளே கதவு முட்டும் சத்தம் கேட்க வேண்டும். இன்னொன்று, சி10இல் காலடிப் பக்கவாட்டில் வெளிக்காற்றுத் திறப்புகள் உண்டு. கோடையில் திறந்தவர்கள் மூட மறந்துவிடுவார்கள். குனிந்து கையை வைத்துப் பாருங்கள், ஓட்டும்போது அங்கே காற்று வரக்கூடாது.