ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கில் மணாலி–லே பயணம்: எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது

ஒரு மணி நேரத்தில் உட்காரும் இடம் மரத்துப்போகுது, வின்ட்ஷீல்டு போட்டதும் ஹெல்மெட் ஆடுது, நண்பர் "எல்லாத்தையும் கழற்றிப் போடு, அதான் ரைடு" என்கிறார்னு எழுதியிருக்கீங்க. பாதிதான் சரி.

முதல்ல ஷீல்டு. 70 கி.மீ. வேகத்துல, நேரான காலிச் சாலையில, ஃபுட்பெக்ல (கால் வைக்கிற கம்பி) லேசா எழுந்து பாருங்க. ஆட்டம் நின்னா, ஷீல்டு விளிம்பில் சுழலும் காற்று நேரா ஹெல்மெட்ல மோதுதுன்னு அர்த்தம். விளிம்பு தோள் மட்டத்துக்குக் கீழே வர்ற குட்டை ஷீல்டுக்கு மாறுங்க. நெஞ்சுக்குக் குளிர் அடிக்காது, தலைக்குச் சீரான காற்று வரும்.

சீட்டுக்கு மெத்து மெத்துனு ஃபோம் வேண்டாம். அரை மணியில அமுங்கி, இடுப்பெலும்பு அடித்தகட்டில் உட்கார்ந்துடும். காற்றுத் தலையணை வாங்குங்க. எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிற அளவுக்கு மட்டும் ஊதுங்க. மணாலி சுமார் 2,050 மீட்டர், வழியில வர்ற பாரலாச்சா லா கணவாய் சுமார் 4,890 மீட்டர். மேலே ஏற ஏற அது தானா உப்பும். காற்றைக் கொஞ்சம் விடலைன்னா கல் ரோட்டில் வழுக்கும்.

டயர்ல காற்றை விடுற அந்த வேலை வேண்டாம். ஸ்போக் வீல் மாடல்னா டியூப் டயர், காற்றை ரொம்பக் குறைச்சா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும்.

கையைச் சூடாக்குற ஹேண்டில் கிரிப் ஆடம்பரமில்லை. விரல் விறைச்சா கிளட்ச் தாமதமாகும். அது இழுக்கிற கரண்ட் பத்திக் கவலைன்னா ஹேண்டில் உறை போதும்.

கழற்ற வேண்டியது ஸ்பீக்கரும் டாப் பாக்ஸும். அந்த எடைக்கு 5 லிட்டர் பெட்ரோல் கேன்.